மூன்று சுற்றுச் சணல்

9 பிப்ரவரி 1996, வெள்ளி

இன்று சாயங்கால ஜெபமாலைக்கு வீட்டில் இருந்தவர்கள்: நான். என் நாத்தனார் பிலோமி. என் கொழுந்தன் தொபியாஸ், இரண்டு கையிலும் துணிக்கட்டோடு. பங்குச் சாமியார். உபதேசியார். சங்கு குளிக்கிற பஸ்கால்; என் பிறந்த ஊர்ப் பையன், என் வீட்டுக்காரருக்குச் சிநேகிதன். ஆக ஆறு பேர்.

செவ்வாய்க்கிழமை அவரும் தொபியாஸும் கடலடியில் முங்கிக் கிடக்கிற அரிசிக்கப்பலுக்குத் தூண்டில் போடப் போனார்கள். தொபியாஸ் மட்டும் வந்தான். வள்ளம் தண்ணீர் நிரம்பி மூன்று மைல் தெற்கே கிடந்தது. மூன்று நாள் பதினான்கு வள்ளங்கள் தேடின. இன்றோடு நிறுத்திக்கொள்கிறோம் என்று ஊர்க் கமிட்டியிலிருந்து சொல்லியனுப்பினார்கள். சரி என்று சொன்னேன்.

பஸ்கால் மூன்று நாளும் முங்கினான். தண்ணீர் அரிசி கழுவின தண்ணீர் மாதிரி இருக்கிறதாம், தன் கை தனக்குத் தெரியவில்லையாம். எந்த இடத்தில் முங்கினாய் என்று நான் கேட்கவில்லை. அந்த இடத்தின் அடையாளம் எழுதியிருக்கிற என் நோட்டை அவனும் கேட்கவில்லை.

துக்க தேவ இரகசியங்கள் ஐந்தும் சொன்னோம். ஆறு பேருக்கும் கடுங்காப்பி.

10 பிப்ரவரி, சனி

வேறு வேலை இல்லாததால் சாமான் பெட்டியை எண்ணினேன்.

பெரிய தூண்டில் முள் 41. சின்ன முள் 66. தங்கூசி நரம்பு தடித்தது நான்கு சுருள், மெலிந்தது இரண்டு. ஈயக்குண்டு 9. எஞ்சின் கடையில் வாங்கி வைத்த பழைய பிளக் 23. சணல் உருண்டை 1, காகிதம் பிரிக்காதது. வலை பொத்துகிற நீல நைலான் நூல்கண்டு 1. அது கொஞ்சம் இளைத்திருக்கிறது.

பெட்டியை மூடிவிட்டு வாசல் கூட்டினேன்.

11 பிப்ரவரி, ஞாயிறு

லூர்து மாதா திருநாள். பூசைக்குப் போனேன். நற்கருணை நன்மை எடுக்கவில்லை.

12 பிப்ரவரி, திங்கள்

தொபியாஸின் கைக்கட்டை அவிழ்த்து மருந்து போட்டேன். இரண்டு உள்ளங்கையிலும் குறுக்கே ஒரே அகலத்தில் தோல் உரிந்திருக்கிறது.

"ஐஸ் பெட்டியப் பிடிச்சிக்கிட்டுக் கெடந்தேம்லா மதினி, அது அறுத்திட்டு" என்றான்.

ஐஸ் பெட்டியின் விளிம்பு வழவழப்பானது. எத்தனையோ வருஷம் நான் தேய்த்துக் கழுவிய பெட்டி.

"நங்கூரம் எத்தன தடவ போட்டிய?"

"ஒரு தடவதான். ஏன் மதினி?"

"கணக்குக்கு."

"எல்லாம் அலைதான் மதினி. வாடைக் காத்துக்கு அலை அப்படித்தான் வரும்."

நான் அலையைப் பற்றிக் கேட்கவில்லை. கட்டை முடிந்துவிட்டு அவனுக்குக் கஞ்சி ஊற்றினேன். கையால் எடுக்க முடியாததால் கரண்டி கொடுத்தேன்.

14 பிப்ரவரி, புதன்

பஸ்கால் வேதாளைக்குச் சங்கு குளிக்கப் புறப்பட்டான். வாசலில் நின்று சொன்னான்: "பங்குனியில தண்ணி தெளியும் அக்கா. அப்பம் வந்து திரும்ப முங்கிப் பாக்கேன்." விலாசம் வாங்கி வைத்துக்கொண்டேன்.

16 பிப்ரவரி, வெள்ளி

அரிசிக்கப்பலில் தூண்டில் போடும் முறையை இங்கே சுத்தமாக எழுதி வைக்கிறேன். அவர் அவ்வப்போது சொல்லச் சொல்ல எழுதியது பல பக்கங்களில் சிதறிக் கிடக்கிறது. அவருக்கு எழுத்து வராது. எனக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. ஜெபப் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து எழுத்துக் கூட்டிக்கொண்டது.

கப்பல் ஒன்பது பாகம் (ஒன்பது ஆள்) ஆழத்தில் ஒருச்சாய்ந்து கிடக்கிறது. மாமனார் காலத்தில் அரிசி மூட்டையோடு முங்கியதாம். இரும்பு முழுக்கச் சிப்பியும் பழைய வலையும். போய்ச் சேர்ந்ததும் தூண்டில் இறக்கக் கூடாது. அதில் செத்தவர்களை நினைத்து, உத்தரிக்கிற ஆத்துமாக்களுக்காக ஒரு பரலோக மந்திரம் சொல்ல வேண்டும். பிடிபடுகிற முதல் மீனைத் திரும்பக் கடலில் விட வேண்டும்.

நீரோட்டம் எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் தள்ளிப் போய் மணலில் நங்கூரத்தைப் போட்டு, கயிற்றை மெல்ல மெல்ல விட்டு, வள்ளம் கப்பலின் விளிம்புக்கு மேலே வந்து நிற்கும்படி செய்ய வேண்டும். நேரே கப்பலுக்குள் தூண்டில் போடுகிறவன் கப்பலுக்குத்தான் சாமான் கொடுப்பான். குண்டு தரையைத் தொட்டதும் இரண்டு சாண் தூக்கிப் பிடிக்க வேண்டும். இரை, கணவாயை நீளவாக்கில் கிழித்தது. களவா மீன் கடித்தால் அரை முழம்கூட விட்டுக் கொடுக்கக் கூடாது. விட்டால் இரும்புக்குள் போய்ச் செவுளை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும், பிறகு அதை அந்தோனியாரே வந்தாலும் எடுக்க முடியாது. இது அவர் சொன்னது. அப்படிச் சொல்லாதீர்கள் என்று நான் சொன்னதும் நோட்டில் இருக்கிறது.

ஈயம் விலை கூடுதல் என்பதால் குண்டுக்குப் பதில் பழைய பிளக். அதைத் தங்கூசியில் நேராகக் கட்டாமல் இற்றுப்போன மெல்லிய நூலில் கட்ட வேண்டும். பிளக் இரும்பில் சிக்கினால் நூல் மட்டும் அறும். முள்ளும் மீனும் மேலே வரும்.

நங்கூரத்துக்கும் அதே யோசனைதான். கயிற்றை மேல் வளையத்தில் முடியக் கூடாது. அடியில், நான்கு கொக்கியும் சேரும் இடத்தில் முடிந்து, தண்டோடு மேலே கொண்டுவந்து, வளையத்தோடு சேர்த்துச் சணலால் சுற்றிக் கட்ட வேண்டும். மணலில் கிடக்கிறவரை வளையம் தாங்கும். நங்கூரம் ஊர்ந்து போய் இரும்பில் மாட்டிக்கொண்டால் இரண்டு பேர் சேர்ந்து இழுத்தால் சணல் அறும். அறுந்தால் இழுப்பு அடிப்பக்கமிருந்து வரும். கொக்கி போன வழியே கழன்று வரும்.

சணல் மூன்று சுற்று. பிதா, சுதன், பரிசுத்த ஆவி. "அதுக்கு மேல ஒரு சுத்துக்கூட வேண்டாம் கித்தேரி. அறணும்னுதாம் கட்டுதோம்" என்பார்.

கட்டுகிற வேலை எப்போதும் என்னுடையது.

18 பிப்ரவரி, ஞாயிறு

பிலோமி கீரை ஆய்ந்துகொண்டே பேச்சை எடுத்தாள். தொபியாஸ் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

"மதினி, அந்தக் கப்பலுக்குண்டான அடையாளத்தத் தம்பிகிட்டக் குடுத்திரலாம்லா. கை ஆறுனா அவனும் தொழிலுக்குப் போணும்."

"பாக்கலாம்" என்றேன்.

"என்ன பாக்கலாம்? அந்த நோட்டு என்ன வேதபுஸ்தகமா? தலகாணிக்கு அடியில வச்சிப் படுக்கிய. எங்க அண்ணன்தாம் கூடப் பொறந்தவனக் கரைக்கு முதுகக் காட்டி உக்கார வச்சிக் கூட்டிட்டுப் போனான். நீங்க அவனுக்கு மேல இருக்கிய."

"சும்மா கெட பிலோமி" என்றான் தொபியாஸ்.

"நீ சும்மா கெட. பத்து வருசமாக் கடலையே பாத்து உக்காந்து உனக்குக் கரை எந்தப் பக்கம்னே மறந்துபோச்சி."

அவன் சிரித்தான். அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு இந்த வீட்டில் யாரும் சிரித்தது இன்றுதான். நானும் சிரித்தேனா என்று தெரியவில்லை.

இடத்தை உத்தேசமாக எல்லாருக்கும் தெரியும். உத்தேசம் போதாது. முப்பது பாகம் தள்ளினால் வெறும் மணல்தான். கரையில் இரண்டு அடையாளங்களை ஒன்றோடு ஒன்று சேர்த்துப் பார்த்தால்தான் கப்பல் கிடைக்கும். அதை அவர் மட்டும் பார்ப்பார். வந்து எனக்குச் சொல்வார். நான் எழுதினேன். அவ்வளவுதான்.

21 பிப்ரவரி, புதன்

சாம்பல் புதன். சாமியார் நெற்றியில் சாம்பல் பூசி, மண்ணுக்குத் திரும்புவாய் என்றார். கடலுக்குப் போனவர்களுக்கு என்ன சொல்வது என்று கேட்க நினைத்தேன். பின்னால் நாற்பது பேர் நின்றார்கள்.

ஒருசந்தி. ஒரு வேளைக் கஞ்சி, துவையல்.

25 பிப்ரவரி, ஞாயிறு

வள்ளத்தை நம் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். நான் போய்ப் பார்த்தேன். முன்பக்கத்தில் நங்கூரக் கயிறு இரண்டு பாகம் மட்டும் தொங்குகிறது. நுனியில் பிசிறு இல்லை. கத்தியால் ஒரே வெட்டு. அவர் வெட்டுதான், எதையும் இரண்டு தடவை அறுக்க மாட்டார்.

தொபியாஸ் பின்னாலேயே வந்து நின்றான்.

"நங்கூரம் மாட்டிக்கிட்டா?" என்று கேட்டேன்.

"ஆமா" என்றான்.

"இழுத்தியளா?"

"இழுத்தோம்."

"ரெண்டு பேருமா?"

"ரெண்டு பேருந்தாம்." கையை இடுப்புச் சாரத்துக்குள் மறைத்துக்கொண்டான். "அலை கூடிட்டு வருது. முன்பக்கம் ஏறமாட்டேங்கு, கயிறு கீழ பிடிச்சி இழுக்கு. ஒவ்வொரு அலையும் உள்ள வந்து விழுது. அண்ணன் குனிஞ்சி வெட்டுனாவ. வெட்டுன ஒடனே வள்ளம் துள்ளி மேல ஏறிச்சி மதினி, குதிர மாதிரி. நான் பின்னால தண்ணி எறச்சிக்கிட்டு இருந்தேன். திரும்பிப் பாக்கேன், முன்னால ஆளக் காணும்."

"சணல் அறலியா?"

"அலை மதினி" என்றான். "அலைதாம்."

வீட்டுக்கு வந்து கருவாடு காயப் போட்டேன். காக்கை வராமல் இருக்க அவருடைய பழைய சட்டை ஒன்றைக் குச்சியில் மாட்டி வைத்திருந்தது. அதை எடுத்து மடித்து வைத்துவிட்டு வேறு துணி மாட்டினேன்.

29 பிப்ரவரி, வியாழன்

இந்த வருஷம் இப்படி ஒரு நாள் கூடுதல். துணி துவைத்தேன்.

3 மார்ச், ஞாயிறு

தொபியாஸ் வந்தான். நான் சாமான் பெட்டியைத் திறந்து முள்களுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். சணல் உருண்டையைக் கையில் எடுத்தான். காகிதத்தில் கடைக்காரர் எழுதிய தேதி அப்படியே இருக்கிறது. ஜனவரி 31.

"இதப் பிரிக்கவே இல்லியா மதினி?"

"இல்ல."

"பழைய உருண்ட?"

"அது ஜனவரியிலயே தீந்துட்டு."

உருண்டையை இருந்த இடத்தில் வைத்தான். பிறகு நூல்கண்டைப் பார்த்தான். அதைக் கையில் எடுக்கவில்லை. தண்ணீர் கேட்டான், குடித்தான், வாசல்வரை போய்த் திரும்பி வந்தான்.

"மதினி, அன்னைக்கு நான் ஒண்ணு சொல்ல விட்டுட்டேன். நங்கூரம் ரெண்டு தடவ போட்டோம். மொதத் தடவ மாட்டிச்சி. இழுத்தோம், அறுந்து வந்திட்டு. அண்ணன்தாம் திரும்பக் கட்டுனாவ."

"எதால?"

"சணலாலதாம்."

"சணல் ஏது?"

"மடியில வச்சிருந்திருப்பாவ. அவுக கட்டுனதுதாம் ரெண்டாந் தடவ அறல. அவசரத்துல கூடச் சுத்தியிருப்பாவ. வேற யார் கட்டுனதும் இல்ல, மதினி."

நான் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன்.

"அந்த அடையாளத்தக் குடுங்க மதினி. தொழிலுக்குன்னு கேக்கல. போயி அந்த நங்கூரத்த எடுத்து எறிஞ்சிட்டு வந்திருதேன். அது அங்க கெடக்கக் கூடாது."

"கை ஆறட்டும்" என்றேன்.

"கை ஆறிட்டு" என்று விரித்துக் காட்டினான். ஆறியிருந்தது. குறுக்கே ரோஸ் நிறத்தில் ஒரு பட்டை.

அடையாளம் கொடுக்கவில்லை. அவன் சாப்பிடாமல் போனான். நல்ல பிள்ளை. எனக்குக் கல்யாணம் ஆகி இந்த வீட்டுக்கு வந்தபோது அவனுக்குப் பன்னிரண்டு வயது. எங்கள் இருவருக்கும் பிள்ளை இல்லாததால் அவன்தான் இந்த வீட்டுப் பிள்ளை.

4 மார்ச், திங்கள்

பிப்ரவரி 12, தொபியாஸ் சொன்னது: ஒரு தடவை.
மார்ச் 3, தொபியாஸ் சொன்னது: இரண்டு தடவை.

பழைய நோட்டிலிருந்து இரண்டு பதிவுகளை மாற்றாமல் இங்கே எழுதுகிறேன்.

ஜனவரி 29, திங்கள். "சணல் இரண்டு முறை தானாக அறுந்து வள்ளம் கப்பலை விட்டு விலகிப் போனதாம். மீன் நன்றாகக் கடிக்கிற நேரம் வீணாகப் போயிற்றாம். இதுவெல்லாம் ஒரு கட்டா என்று கேட்டார். சாப்பிடும்போது பேசவில்லை."

பிப்ரவரி 5, திங்கள். "நாளைக்கு நங்கூரம் கட்டியாயிற்று. நீல நூல். ஏழு சுற்று, வியாகுல மாதாவின் ஏழு வியாகுலத்துக்கு."

அவரிடம் சொன்னேன் என்று எழுதவில்லை. சொல்லவில்லை. கோபத்தில் இருந்தார். நங்கூரத்தைச் சாக்குக்குள் வைத்துக் கட்டிக் கொடுத்தேன். நல்லபடியாக நிற்கும், வந்து தானே சொல்வார் என்று இருந்தேன்.

7 மார்ச், வியாழன்

நேற்று முப்பதாம் நாள். பூசை இன்றுதான் கிடைத்தது. கோவிலில் சவப்பெட்டி இல்லை. ஒரு மேசையில் கறுப்புத் துணி விரித்து மெழுகுதிரி வைத்தார்கள். வந்தவர்களை எண்ணவில்லை.

நன்மை எடுக்க எல்லாரும் எழுந்து போனார்கள். நான் முழங்காலில் இருந்தேன். வெளியே வந்ததும் பிலோமி என் முந்தானையைப் பிடித்தாள்.

"புருசனுக்கு வச்ச பூசையில நன்மை எடுக்காம இருக்கிய. ஊரே பாத்திச்சி. ஒரு மாசமாப் பாக்கேன். என்ன பாவம் செஞ்சிய அப்படி?"

"தெரியல பிலோமி."

"தெரியலயாம். பாவம் செஞ்சது தெரியாத ஒரே பொம்பள ஒலகத்துல நீங்கதாம். நான்லாம் பட்டியல் போட்டு வச்சிருக்கேன், மீன் வாங்க வாரவள்ட்ட சொன்ன பொய் மட்டும் ரெண்டு பக்கம் வரும்." பிறகு முந்தானையை விட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டே வீடுவரை வந்தாள்.

9 மார்ச், சனி

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். ஜெபத்தில் பராக்கு, கோபம், ஒருசந்தி நாளில் மறந்து வாயில் போட்ட பொரிகடலை.

"வேற?" என்றார் சாமியார்.

"வேற..."

அடைப்புக்கு அந்தப் பக்கம் அவர் மூச்சு கேட்டது.

"தெரிஞ்சிக்கிட்டு வந்து சொல்லுதேன் சாமி" என்றேன்.

மன்னிப்புக் கொடுக்க வந்தார். வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன். என்னுடையது என்றால் என்னுடையதாகச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் இல்லாததைச் சொல்லி மன்னிப்பு வாங்குவதும் பொய்தான். தொபியாஸ் சொல்வதை அப்படியே வாங்கிக்கொள்ளலாம். வாங்கிக்கொண்டால் கட்டியது அவர் என்று ஆகிவிடும். அவர் மூன்று சுற்றுக்கு மேல் சுற்ற மாட்டார்.

11 மார்ச், திங்கள்

வாடைக் காற்று அடங்கிவிட்டது. கிணற்றடியிலிருந்து பார்த்தால் கடல் பச்சையாகத் தெரிகிறது. மிளகாய் வறுத்து இடித்தேன்.

12 மார்ச், செவ்வாய்

இன்று தபாலில் போட்ட கடிதத்தின் நகல்.

தம்பி பஸ்காலுக்கு, கித்தேரி அக்காள் எழுதிக்கொள்வது. நான் சுகம். உன் சுகத்துக்கு மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

பங்குனியில் வந்து முங்கிப் பார்ப்பதாகச் சொன்னாய். கடல் தெளிந்துவிட்டது. பிப்ரவரியில் நீ முங்கியது சரியான இடம் இல்லை என்று நினைக்கிறேன். சரியான இடம் என்னிடம் இருந்தது. நீ கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. இப்போது எழுதுகிறேன்.

கோவில் கோபுரச் சிலுவை, தண்ணீர்த்தொட்டியின் வலது காலுக்கு நேர் மேலே வர வேண்டும். அந்தக் கோட்டை விடாமல் கடலுக்குள் போ. தெற்கே தேரி மணல்மேட்டுச் சரிவில் இருக்கிற இரட்டைப் பனை, ஒற்றைப் பனையாகத் தெரிகிற இடத்தில் நில். காலும் சிலுவையும் விலகாமல், பனையும் பிரியாமல் இருந்தால் உனக்குக் கீழே கப்பலின் முன்பக்கம். இதை அவர் தவிர இதுவரை யாரும் பார்த்ததில்லை. இனி உனக்குத் தெரியும். பிறகு யாருக்குச் சொல்வது என்பது உன் இஷ்டம்.

முங்குவதற்கு முன் உத்தரிக்கிற ஆத்துமாக்களுக்கு ஒரு பரலோக மந்திரம் சொல்.

அன்று நீரோட்டம் வடக்கேயிருந்து வந்தது. அதனால் நங்கூரம் கப்பலின் வடபக்கத்தில், மணலுக்கு ஓரமாக இரும்பில் மாட்டியிருக்கும். கயிற்றைப் பார்த்தால் கண்டுபிடிக்கலாம். பழைய வலை கிடக்கிறது, கால் மாட்டிவிடாமல் பார்த்துக்கொள். நங்கூரத்தை மேலே எடுக்க வேண்டாம். வளையத்தை மட்டும் பார். வளையத்தோடு கயிற்றைச் சேர்த்து ஒரு கட்டு இருக்கும். அது சணலா, நீல நூலா? சணல் என்றால் உப்பில் கறுத்திருக்கும், ஆனாலும் சொரசொரப்புத் தெரியும். தண்ணீர் கலங்கலாக இருந்தால் விரலால் தடவிச் சுற்றை எண்ணு. மூன்றா, ஏழா? கட்டே இல்லாமல் வளையம் வெறுமையாக இருந்தால் அதையும் அப்படியே எழுது.

அங்கே வேறு ஏதாவது இருந்தால் அதையும் எழுது.

தொபியாஸ் உன்னிடம் வந்து ஏதாவது சொல்லச் சொல்வான். அவன் என் பிள்ளை மாதிரி. கோபிக்காதே, ஆனால் அவன் சொல்வதை எழுதாதே. ஆறுதலாகவும் எழுத வேண்டாம். நீ கண்டது மட்டும் போதும். ஒரு வரி போதும்.

பெரிய வியாழனுக்கு முன் நான் சாமியாரிடம் போக வேண்டும். அதற்குள் எனக்குத் தெரிய வேண்டும்.

பதில் சீக்கிரம் எழுதவும்.